மாசிக் கறியும் ஈஸ்டர் ஜாடியும்

மாப்ள,

உன் விசில் இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. கறுப்புக் கயிறு நைந்து போய், வாயில் வைக்கிற இடத்தில் உன் பல் பட்ட தடத்தோடு. அதைத் தொட்ட என் விரல்களில் மஞ்சளும் நல்லெண்ணெயும் வறுத்த கறியும் சேர்ந்து மணக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இன்றைக்கு ஈஸ்டர். உன் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். சற்று நேரம் படுக்கலாம் என்று பார்த்தால் தூக்கம் பிடிக்கவில்லை. ஈஸ்டர் மத்தியானத்தில் உன்னோடு வம்பு பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ் வாத்தியாரின் கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலையில் தங்கச்சி போன் செய்தாள். நீ வேதக்காரன், நான் எழுமலைப் பக்கத்துக் குடியானவன். ஆனாலும் உன்னை நான் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து உன் மனைவி எனக்குத் தங்கச்சிதான்.

“அண்ணே, ஃப்ரிட்ஜு நின்னு போச்சு. உள்ள இருக்கறது அம்புட்டும் வேர்க்குது” என்றாள். ஃப்ரிட்ஜ் நின்று போனதற்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள். “இந்தா வாரேன் தாயி” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் போவதற்குள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். கம்ப்ரசர் போய்விட்டதாம். பண்டிகை நாள், கடை கிடையாது, திங்கட்கிழமைதான் சரி செய்ய முடியும் என்று சொல்லியிருக்கிறான். வெளியே மதுரை வெயில் உனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை வரை எதுவும் தாங்காது. தங்கச்சி ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். திறக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

“திற ஆத்தா. என்ன இருக்குன்னு பாப்போம்.”

“அவரு வச்சது வச்சபடி இருக்குண்ணே. நான் ஒண்ணையும் தொடல” என்றாள்.

திறந்தாள். உன் அசெம்பிளி அப்படியே நின்றது மாப்ள. மைதானத்தில் பையன்களை நிறுத்துகிற மாதிரியே, குட்டை டப்பா முன்னால், நெட்டை டப்பா பின்னால், அதிலும் முந்தி வந்தவன் முன்வரிசையில். “புதுசா வந்தவன் பின்னாடி போ, பழையவன் முன்னாடி வா” என்று டப்பாக்களோடு பேசிக்கொண்டே நீ அடுக்குவதைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் அதில் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. உன் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆசையாகத் திறந்து, உள்ளே புளிக்கரைசலைப் பார்த்துவிட்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

“நீ என்னத்தச் சாப்பிடுற?” என்று தங்கச்சியைக் கேட்டேன்.

“பன்னு வாங்கிக்கிறேன். டீ போட்டுக்கிறேன். போதுமுண்ணே.”

உன் மகள் லீவு முடிந்து பெங்களூருக்குப் போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு டீக்கு மட்டும்தான் எரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது, மூடி திறக்காமல். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. தங்கச்சி பாதியாக இளைத்திருந்தாள். நீ சேர்த்து வைத்த சாப்பாட்டைப் பூட்டி வைத்துவிட்டு அவள் பட்டினி கிடக்கிறாள். இதைச் சரி செய்யாமல் அங்கிருந்து கிளம்பினால் நான் உனக்கு மாப்ளயே இல்லை என்று தோன்றியது.

எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைக்கும்போது நம்முடைய புதூர் அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் நீ பி.டி. மாஸ்டர், நான் தமிழ். மாடியில் ஒற்றை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். சமையல் என் வேலை. எனக்கு அளவு தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இரண்டு பேருக்குச் சோறு வடிக்க எங்கே தெரியும்? மிச்சத்தைக் காப்பாற்றுவது உன் வேலை. பகலெல்லாம் அத்தனை பயல்களை ஓட ஓட விரட்டுகிற ஆள், சாயங்காலம் ஒரு கரண்டி சட்னியைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்து, எறும்பு வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாய். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளிப்பாய். புளித்த மாவில் வெங்காயம் அரிந்து போட்டு ஊத்தப்பம் ஊற்றுவாய். குழம்பை நன்றாகச் சுண்ட வைத்து மறுநாள் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவாய். அந்தச் சுண்டின குழம்புக்காகவே நான் வேண்டுமென்று கூடுதலாக வைத்த நாட்கள் உண்டு. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை, உனக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று ஒருநாள் கேலி செய்தேன். “போர்டிங்ல மணி அடிச்சாச் சோறு மாப்ள. விட்டா, அழுதாலும் கிடையாது” என்று மட்டும் சொன்னாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்காக நீ கெட்டுப்போனதைத் தின்கிற ஆளும் இல்லை. ஒரு கோடையில் குழம்பு லேசாக நுரைத்துவிட்டது. உன் மனசைக் குளிரவைக்கலாம் என்று நான் தட்டில் ஊற்றிக்கொண்டேன். தட்டையே பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டினாய். “வயிறு என்ன குப்பைத்தொட்டியா? கெட்டதக் கொட்டிட்டு அடுத்த தடவ கம்மியா வையி” என்று விசில் ஊதாத குறையாகக் கத்தினாய்.

அந்த வருடம்தான் மாசிக் கறி வந்தது. எங்கள் ஊரில் மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட்டுக் கிடா வெட்டினால் பங்காளிகளுக்கெல்லாம் பங்கு பிரிப்பார்கள். வெளியூரில் இருந்தாலும் என் பங்கு எனக்கு. தூக்குவாளியில் போட்டுத் துணியால் கட்டிக்கொண்டு எழுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். நண்பனுக்கு நல்ல கறி தின்னக் கொடுக்கப் போகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. நீ வாளியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாய். உங்களுக்குத் தவக்காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது.

“உங்க சாமிக்கு நேரங்காலமே தெரியாதா மாப்ள?” என்றாய்.

“எங்க சாமி அதே தேதியிலதான் இருக்கு. உங்க சாமியத்தான் கேக்கணும்” என்றேன்.

நானாக இருந்தால் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருப்பேன், இல்லாவிட்டால் நானே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருப்பேன். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கோணி ஊசி வாங்கப் போனாய். கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசிறி, கெட்டி நூலில் மாலையாகக் கோத்து, மொட்டைமாடிக் கொடியில் கட்டினாய். உப்புக்கண்டம் எங்கள் ஊர்ச் சரக்கு. எனக்குத் தின்னத் தெரியும், போடத் தெரியாது. நீ போர்டிங் சமையல்காரரிடம் பார்த்துப் பழகியிருந்தாய்.

மேலே கொசுவலை, கீழே நீ. காக்கை வந்து உட்கார்ந்தால் விசில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஊதிய ஊதலில் பக்கத்துத் தெருப் பையன்கள் மேட்ச் நடக்கிறதென்று மட்டையோடு ஓடி வந்தார்கள். வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, “மாஸ்டர், அது காக்கா. அதுக்கு ஃபவுல் எல்லாம் தெரியாது” என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நீ செய்த பெரிய தப்பும் அந்த வருடம்தான். காய்ந்திருக்கிறதா என்று நூலைத் தடவிக்கொண்டே வந்தவன், சமையல்காரப் பழக்கத்தில் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டாய், உப்புப் பார்க்க. போட்ட பிறகுதான் தவக்காலம் நினைவுக்கு வந்தது. துப்புவதா விழுங்குவதா என்று நீ நின்ற நிலை இருக்கிறதே! துப்பினால் வீண், விழுங்கினால் பாவம். விழுங்கிவிட்டாய். அன்று சாயங்காலமே பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடினாய். வயசான சாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உப்பு சரியா இருந்துச்சாப்பா?” என்று கேட்டாராம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டேன்.

அன்றிலிருந்து உப்புப் பார்ப்பது என் வேலையாயிற்று. நமக்குக் கல்யாணமாகி, இரண்டு வீடாகி, நாம் ரிட்டயரும் ஆகிவிட்டோம். மாசிக் கறி மட்டும் நிற்கவில்லை. தவக்காலம் பிந்தித் தொடங்குகிற வருடங்களில்கூட நீ அதைத் தொட மாட்டாய், “பழக்கத்தக் கெடுக்காத, ஈஸ்டருக்குத்தான்” என்பாய். உன் வீட்டு மொட்டைமாடியில் நான் ஒரு துணுக்கை மென்றுகொண்டிருப்பேன், நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். “எப்படி மாப்ள?” என்று கேட்பாய். நான் சுலபத்தில் சொல்ல மாட்டேன். “கெடாது. மிச்சத்த ஈஸ்டருக்குச் சொல்றேன்” என்பேன். நீ வாய்க்குள் திட்டிக்கொண்டே ஜாடியில் அடைப்பாய். ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து உங்கள் வீட்டில் எண்ணெய் காயும். நீ முதல் துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டுவாய். “உங்க சாமி குடுத்ததத்தான் எங்க சாமி வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிருந்தேன்” என்பாய், வருடா வருடம் அதே வசனம்.

இந்த வருடமும் கறி வந்தது. இந்த வருடமும் கேட்டாய். நானும் அதையேதான் சொன்னேன். ஜாடியில் அடைத்து அடுக்களை மேல்தட்டில் ஏற்றினாய். பிறகு ஒரு காலையில் நடக்கப் போன மைதானத்திலேயே உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

சரி, நேற்றுக்கு வருகிறேன்.

தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து உன் வேலையை நான் பார்த்தேன். மூடியைத் திறப்பதும் முகர்வதும் வரிசையில் நிறுத்துவதும். கெட்டுப்போனவை இருந்தன. பொரியல், ஒரு தயிர், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாம்பார், என் வீட்டுக்காரியின் தூக்குச்சட்டி. கொட்டப்போன என் கையைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். “அவருக்கு ஒண்ணத்தக் கொட்டுனாலும் ஆகாதேண்ணே.”

“வயிறு என்ன குப்பைத்தொட்டியான்னு என் தட்டயே பிடுங்குனவன் அவன். உனக்கு என்னத்தத் தெரியும்?” என்றேன். உன் குரலில் சொல்லிக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடி தளர்ந்தது. கெட்டதை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன், நீ செய்கிற மாதிரியே.

ஃப்ரீசரில் இருந்தவை நல்லபடியாக இருந்தன, அப்போதுதான் இளக ஆரம்பித்திருந்தன. வேகவைத்த மொச்சை, உருவி வைத்த முருங்கைக்கீரை, தேங்காய்த் துருவல், பிறகு ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையத் தக்காளித் தொக்கு. தொக்கின் மூடியைத் திறந்ததும் தங்கச்சி கிட்டே வந்து முகர்ந்தாள்.

“இது அவரு கிண்டுனது. தக்காளி மலிஞ்சு கிடக்குன்னு ஒரு கூடையத் தூக்கிட்டு வந்தாரு. கை வலிக்குது, கரண்டியப் பிடின்னாரு. எனக்கு வேலை இருக்குன்னுட்டேன்.” டப்பாவை அடுப்பு மேடைக்குக் கொண்டுபோய் வைத்தாள். “அரிசி போடவாண்ணே?” என்றாள்.

போடச் சொன்னேன். கீரைக்குத் தேங்காயைப் போட்டு வதக்கினாள். மொச்சையில் தொக்கைக் கலந்து, புளிக்கரைசலை ஊற்றிக் குழம்பு கொதிக்கவைத்தாள். நான் பூண்டு உரித்தேன். புதிதாக வாங்கியது ஒன்றுமே இல்லை மாப்ள, எல்லாம் நீ எடுத்து வைத்தது. சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தவள் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது.

“இம்புட்டையும் உள்ள வச்சிக்கிட்டு வெறும் பன்னத் தின்னுக்கிட்டு இருந்திருக்கேனே” என்றாள்.

“எடுத்து வைக்கிறதே எடுத்துத் திங்கத்தானேன்னு அவன் சொல்லுவானா இல்லையா?”

“சொல்லுவாரு. சொல்லிச் சொல்லி உசிர வாங்குவாரு” என்றாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி மோர் குடித்தேன்.

கிளம்பும்போது மேல்தட்டு ஜாடியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். “இந்த வருசம் பண்டிகை இல்லண்ணே. துக்கம் நடந்த வீடு. அது அவரு கடைசியாக் கட்டுன ஜாடி, இருக்கட்டும்” என்றாள். தொக்குக்கு வாதாடிய எனக்கு ஜாடிக்கு வாய் வரவில்லை. அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான் அது கடைசி ஜாடி. வண்டு விழுந்து பொடிந்து போகும் என்று தெரியும். தெரிந்தும் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் நீ என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

இன்று காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அண்ணே, பூசைக்குப் போயிட்டு வந்துட்டேன். எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கு. வாங்க.”

நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அடுப்பில் வாணலி. மேடையில் ஜாடி, மூடி திறந்திருந்தது. நேற்றுச் சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்ததாம், நெடுநாளைக்கு அப்புறம் நல்ல தூக்கம். “ஜாடிக்குள்ளயே கிடந்து மக்குனா அவருக்கு ஆகுமாண்ணே?” என்றாள், என்னமோ நான்தான் வேண்டாமென்று சொன்ன மாதிரி. கண்டத்தைத் தட்டி எண்ணெயில் போட்டாள். வீடு முழுக்க அந்த வாசனை எழுந்தது. உன் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. சிலுவை போட்டு ஜெபம் சொல்லிவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

“உப்பு பாருங்க.”

நான் சாப்பிட்டேன். ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எங்கண்ணே?”

“மாடிக்கு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. “காக்காவுக்கு வைக்கிறது எங்க வழக்கத்துல இல்லண்ணே” என்றாள். பிறகு, “ஆனா உங்க மாப்ளதானே. உங்க வழக்கத்துக்கு வைங்க” என்றாள். நான் படியேறப் போனபோது சுவர் ஆணியிலிருந்து விசிலை எடுத்து என் சட்டைப்பையில் போட்டாள். “கூட்டமா வந்துச்சுன்னா ஊதுங்க. எல்லாத்துக்கும் கறி கிடையாது.”

கைப்பிடிச் சுவரில் துண்டை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? இத்தனை வருடமாக நீ ஊதிய ஊதலில் அந்தத் தெருக் காக்கைகள் தலைமுறை தலைமுறையாக உன் மாடியைக் கண்டால் விலகிப் பறக்கின்றன. தென்னை மட்டையில் உட்கார்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தலையில் வெயில் ஏறியது. வராமலே போய்விடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது மாப்ள. ரிட்டயரான மனுசன் வேதக்காரர் வீட்டு மாடியில் ஒளிந்துகொண்டு காக்கைக்குக் கெஞ்சுகிறேன், நினைத்துப் பார்.

கடைசியில் ஒன்று வந்தது. கழுத்தைச் சாய்த்துத் துண்டைப் பார்த்தது, தொட்டியைப் பார்த்தது. என் கை தன்னாலே விசிலுக்குப் போனது. ஒரு துண்டு கறி வீணாகப் போகிறதே என்று நீ கத்துவதும் கேட்டது. எங்கள் கணக்குப்படி வந்திருப்பது நீ. உன் கணக்குப்படி அது திருட்டுக் காக்கை. நான் விசிலை வாயில் வைக்கவில்லை. அது கண்டத்தைக் கவ்விக்கொண்டு மெதுவாகத்தான் போனது.

கீழே இறங்கி வந்தபோது தங்கச்சி மிச்சத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தாள், சின்ன டப்பா முன்னால், பெரிய டப்பா பின்னால். “அடுத்த மாசிக்கும் கறி கொண்டு வாங்க. நான் நூல்ல கோத்துருவேன். காக்கா விரட்டத்தான் ஆள் வேணும்” என்றாள். விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “வச்சுக்கங்க, ஊதிப் பழகுங்க” என்றுவிட்டாள்.

அதனால்தான் அது என் மேஜைக்கு வந்தது. இனி ஒவ்வொரு மாசிக்கும் வெயிலில் நின்று ஊதப் போகிறேன். உன்னளவு மூச்சு எனக்குக் கிடையாது, ஆனாலும் ஊதுவேன்.

இன்னொன்று மாப்ள. மிச்சத்தை ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? உப்பு சரியாகத்தான் இருந்தது.